கிட்னி என்று எழுதிய கடிதம்

விலை கேட்டுவிட்டு, சொன்ன காசை அப்படியே வைத்துவிட்டுப் போகிறவரைக் கண்டால் எங்கள் வீதியில் கடைக்காரனுக்குச் சந்தோஷம் வராது. கவலைதான் வரும். ஒன்று அவர் ஊருக்குப் புதியவர். இல்லாவிட்டால் இந்தக் கடைப் படியை இனி மிதிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டவர். பேரம் பேசுகிறவர்தான் நம்முடைய ஆள். அவர் நம்மைத் திட்டுவார், துணியை உதறிப் போட்டுவிட்டு வாசல்வரை நடப்பார், நாம் கூப்பிடுவோம் என்று தெரிந்துதான் நடப்பார். நாமும் கூப்பிடுவோம்.

கண்டியில் எனக்குத் துணிக்கடை. அப்பா வைத்த கடை. அவர் போய் இருபது வருடமாகிறது, எனக்கு ஐம்பத்தெட்டு நடக்கிறது, இன்னமும் வீதியில் எனக்குச் ‘சின்ன முதலாளி’ என்றுதான் பேர்.

பேரத்தில் என்னை வென்றவர்கள் மிகக் குறைவு. அவர்களில் முதலில் வைக்க வேண்டியவள் மூக்காயி. வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, என் கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைக் கிலோக் கணக்கில் வாங்கிப் போவாள். அதில் கால்மிதி தைத்து ஞாயிற்றுச் சந்தையில் விற்பாள்.

“கிலோ என்னா வெல மொதலாளி?”

“நூத்தி எண்பது.”

“பட்டா நிறுக்கிறீங்க?”

“போன வாரமும் அதே விலைதானே.”

“போன வாரம் துண்டு இருந்துச்சு. இந்த வாரம் பாதி தூசி. தூசியக் கழிச்சிட்டு ஒரு வெல சொல்லுங்க.”

நூற்றி இருபதுக்கு முடியும். போகும்போது மேலே ஒரு பிடி துண்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, “இது தூசிக்கு” என்பாள். எனக்கு அந்த வாரமே நன்றாகப் போகும்.

இனிச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீதியில் இருபத்து மூன்று கடைகள் சேர்ந்து ஒரு நலன்புரிச் சங்கம் வைத்திருக்கிறோம். போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை நாளில், கடைகள் பூட்டு. அன்று பின்னேரம் என் கடை மாடியில் கூட்டம். வடையும் பிளேன் டீயும் என் செலவு. தலைவர் அக்குறணை ஸவாஹிர் ஹாஜியார், பாத்திரக் கடை. பொருளாளரும், கூட்டக் குறிப்பு எழுதுகிறவரும், பகிடி விட்டுச் சிரிக்கவைக்கிறவரும் நான். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கோ வாடிக்கையாய் வருகிறவர்களுக்கோ வீட்டில் வருத்தம், நோய்நொடி என்றால் நிதியிலிருந்து கொடுப்போம், போதாவிட்டால் அங்கேயே கை நீட்டிச் சேர்ப்போம்.

நாட்டில் எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோமே, அதற்கு அடுத்த வருடம் மூக்காயியின் விண்ணப்பம் சங்கத்துக்கு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். பதினாறு வயது மகன் ஐஸ் என்ற போதைமருந்து பழகிவிட்டான், சிகிச்சைக்குச் சேர்க்க உதவி வேண்டும். அவ்வளவுதான். சுற்றி வளைக்காத கடிதம்.

நான் அதை வாசித்து முடித்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பகிடிக்குக் காத்திருக்கும் முகங்கள் எப்படி இருக்கும் என்று பகிடி விடுகிறவனுக்குத்தான் தெரியும்.

“வருத்தத்துக்கு நாம குடுக்கலாம். கொழுப்புக்கு எப்படிக் குடுக்கிறது?” என்றேன்.

மாடியே குலுங்கியது. இரும்புக்கடைக்காரருக்கு டீ புரையேறிற்று. சிரிப்பு அடங்கியதும் அதையே தீர்மானமாக எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ‘சங்க நிதி வருத்தத்துக்கு மட்டுமே, கொழுப்புக்கு அல்ல.’ கீழே கையெழுத்தும் போட்டேன். மூக்காயிக்கு அடுத்த சனிக்கிழமை, “சங்கத்துல காசு இல்லையாம்” என்று சொல்லிவிட்டு, ஒரு கிலோ துண்டை இனாமாகக் கொடுத்தேன். அவள் இனாம் வேண்டாம் என்று நூற்றி இருபதை வைத்துவிட்டுப் போனாள். அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

எட்டு மாதம் போனது.

வின்சன்ட் என் கடையில் பத்தொன்பது வருடமாகத் துணி வெட்டுகிறவர். கோடு போடாமல் வெட்டினாலும் நூல் பிசகாது. அப்படிப்பட்டவர் ஒரு வாரத்தில் மூன்று தடவை அளவு தப்பி வெட்டினார். மூன்றாம் தடவை நான் சத்தம் போட்டதும் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

“மகனுக்குச் சரியில்ல மொதலாளி.”

“என்ன வருத்தம்?”

அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வருத்தம்னு சொல்ல ஏலாது. ஐஸ்.”

பிரிட்டோவை எனக்குத் தெரியும். நத்தார் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் கொண்டுவருகிற பிள்ளை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தவன். முதலில் அவனுடைய போன் போயிருக்கிறது. பிறகு தாய் மேபலின் சங்கிலி. பிறகு தையல் மெஷினின் மோட்டார், மெஷினை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் கழற்றிக்கொண்டு. அரசாங்கச் சிகிச்சை இடத்தில் பெயர் பதிந்திருக்கிறார்கள், எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. தனியார் இடம் ஒன்று மலைமேல் இருக்கிறது. மாதம் எண்பதாயிரம், மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு கட்டில் காலியாகும், போயாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை முதல் மாதக் காசோடு வந்தால் பிரிட்டோவுக்கு, வராவிட்டால் அடுத்தவனுக்கு.

“அதுவரைக்கும் இவன் இருப்பானோன்னு மேபல் பயப்படுறா,” என்றார்.

நீயே கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். முப்பதாயிரம் கொடுத்தேன். கொடுக்கும்போதே, இது ஒன்றரை மாதச் சம்பளம், இதற்குமேல் கொடுத்தால் மற்ற வேலைக்காரர்களும் கேட்பார்கள் என்று மனசுக்குள் கணக்குப் பார்த்தேன். மிச்சத்தைச் சங்கத்தில் எடுத்துத் தருகிறேன் என்று தாராளமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் தீர்மானம் என் கண்முன் வந்து நின்றது.

தீர்மானத்தை மாற்றலாம். மாற்ற வேண்டுமென்றால் எழுந்து நின்று, நான் விட்ட பகிடி பிழை என்று சொல்ல வேண்டும். அதைவிடச் சரக்கின் பெயரை மாற்றுவது சுலபம். அதைத்தானே நாங்கள் செய்கிறோம். தேங்கிப்போன துணியை ஜன்னலில் இடம் மாற்றிப் போட்டுப் புது வரவு என்போம்.

“கிட்னின்னு சொல்லுவோம்,” என்றேன்.

வின்சன்ட் நிமிர்ந்து பார்த்தார். “பொய் சொல்லணுமா மொதலாளி?”

“பொய் இல்ல வின்சன்ட், லேபல். உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான். ஐஸ்னு எழுதினா ஐம்பது ரூபா வராது. கிட்னின்னா அழுதுகிட்டே குடுப்பாங்க.”

“கோயில்ல சாமிக்கு என்ன சொல்றது?”

“சாமிக்குத் தெரியும். சங்கத்துக்குத்தான் தெரியக்கூடாது.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. மறுக்க முடியாத மனிதனிடம் நான் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குமுன் வந்த போயாக் கூட்டத்தில் நான் பேசியதுபோல் வேறெந்த நாளும் பேசியதில்லை. இரண்டு கிட்னியும் பழுது என்றேன். பதினேழு வயது என்றேன். மருந்துக்கடைக்காரர், யாழ்ப்பாணத்து மனிதர், ரத்தப் பரிசோதனை அறிக்கை கொண்டுவந்தால் தானும் ஒருக்கால் பார்ப்பதாகச் சொன்னார். “டொக்டர் வச்சிருக்கார்” என்றேன். ஹாஜியார் இருபத்தையாயிரம் வைத்தார். இரும்புக்கடைக்காரர் பத்து. கூட்டம் முடியும்போது ஒரு லட்சத்து இருபதினாயிரம் என் கையில். அதோடு நின்றிருக்கலாம். மருந்துக்கடைக்காரர் நல்ல மனசோடு பிரிட்டோவின் படத்தைப் போட்டு ஒரு கடிதம் அச்சடித்து எல்லாக் கடைக் கல்லாவிலும் ஒட்டிவிட்டார். ‘இச்சிறுவனின் உயிர் காக்க உதவுங்கள். சிறுநீரகம் வழங்க விரும்புவோரும் தொடர்புகொள்ளலாம்.’ கீழே அவருடைய பெயரும் என் தொலைபேசி இலக்கமும்.

படம் ஒட்டிய பிறகு ஆட்கள் நோயாளியைப் பார்க்கப் போகத் தொடங்கினார்கள். வருத்தக்காரன் வீட்டுக்குப் போகாமல் இருக்க எங்கள் வீதிக்குத் தெரியாது. வின்சன்ட் வீடு வத்தேகம போகிற வழியில், பாதையிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். ஹார்லிக்ஸ் போத்தலும் திராட்சையுமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஹாஜியார் என்னையும் கூட வரச் சொன்னார். தப்ப முடியவில்லை.

மேபல் எங்களைக் கண்டதும் முன்னறையில் கதிரையை இழுத்துப் போட்டாள். உட்காருங்கள் என்று வாயால் சொல்லவில்லை. ஹாஜியார் உட்காராமல், “புள்ளயப் பாக்கலாமா?” என்றார். அவள் உள்ளறைக் கதவின் தாழ்ப்பாளை விலக்கினாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. புதுசு, ஆணித் தலைகள் இன்னும் மினுங்கின. ஹாஜியாரின் கண் அதில் ஒரு கணம் நின்று நகர்ந்தது.

பிரிட்டோ கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, போர்வைக்குள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஹாஜியார் அவன் நெற்றியில் கை வைத்து மெதுவாக ஓதினார். அந்தப் பிள்ளை அவர் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

“தண்ணி ரொம்பக் குடிக்கக் கூடாதாமே மகன்,” என்றார் ஹாஜியார்.

“சரி அங்கிள்,” என்றான் சுவரைப் பார்த்தபடி.

வெளியே வந்ததும் மேபல் என்னைத் தனியே நிறுத்தினாள். “எனக்கு இந்த ஹார்லிக்ஸப் பாக்கவே ஏலாம இருக்கு மொதலாளி. அலுமாரிக்குள்ள பதினொரு போத்தல் இருக்கு. ‘மம்மி, எனக்குக் கிட்னியே வந்திருக்கலாம்’னு நேத்து இவன் சொல்றான்.”

நான் படி ஏறினேன். ஹாஜியார் மேலே முச்சக்கரவண்டியில் காத்திருந்தார்.

அடுத்த போயா ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் சனிக்கிழமை மூக்காயி வந்தாள். வழக்கமாகக் கொண்டுவரும் சாக்குப்பை கையில் இல்லை. கல்லாவில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். ரத்தப் பரிசோதனைத் தாள்.

“ஓ பொசிட்டிவ்,” என்றாள். “எல்லாருக்கும் ஒத்துவருமாம். எண்ணூறு ரூவா குடுத்துப் பாத்தேன். பிரஷரு இல்ல, சீனி இல்ல. எழுதியிருக்கு பாருங்க.”

எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகும் விளங்காதவன் போல் இருந்தேன்.

“என்னா வயசுன்னு பாக்காதீங்க. நாப்பத்தொம்பதுதான். மல ஏறி எறங்குன ஒடம்பு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. சும்மா இல்ல.” குரலைத் தாழ்த்தினாள். “விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காம். காசு வேணாம். சும்மா குடுத்ததா கையெழுத்து வைக்கிறேன். நீங்க எம் மவன ஒரு எடத்துல சேத்துவிடுங்க. மூணு மாசம். ஒங்க வின்சன்ட் அய்யா புள்ள பொழைக்கும், எம் புள்ளையும் பொழைப்பான். வெல சரிதானே?”

நான் பேசாமல் இருந்தேன். பேரத்தில் நான் பேசாமல் இருந்தால் குறைக்கிறேன் என்று அர்த்தம். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

“சரி, ரெண்டு மாசம்,” என்றாள்.

கடையில் வாங்க வந்தவர்கள் இருந்தார்கள். வின்சன்ட் மேசைக்குப் பின்னால் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றார், வெட்டவில்லை. நான் மூக்காயியைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனேன்.

“மூக்காயி, அந்தப் பிள்ளைக்குக் கிட்னி நல்லாத்தான் இருக்கு.”

“அப்பறம்?”

“உன் மகனுக்கு என்னவோ அதுதான்.”

அவள் என்னையே பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

“அன்னைக்குக் கொழுப்புன்னு சொன்னீங்க,” என்றாள்.

“யார் சொன்னது உனக்கு?”

“யாரும் சொல்லல. மாடிப் படியிலதான் நின்னேன். கூப்பிட்டுக் கேப்பாங்க, பதில் சொல்லணும்னு நின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, எறங்கிட்டேன்.” கையை நீட்டினாள். “பேப்பரக் குடுங்க.”

“எதுக்கு?”

“எண்ணூறு ரூவா மொதலாளி. கொழும்புல இதுக்கு ஆள் தேடுறவங்க இருக்காங்களாம். வேற யாருக்காவது ஒதவும்.”

தாள் என் கையில் இருந்தது. நான் அதை மடித்து என் சட்டைப் பையில் வைத்தேன். ஈடு வைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்காத கடைக்காரன்போல. “உன் மகனைச் சேர்த்த பிறகு தாறேன்,” என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் தாளைப் பிடுங்கவும் இல்லை. வெறுங்கையோடு குட்ஷெட் பக்கம் நடந்து போனாள்.

மறுநாள் கூட்டத்தில் வடை தட்டு சுற்றி வரும்போதே எழுந்து நின்றேன். வின்சன்டிடம் முன்னமே கேட்டிருந்தேன். “சொல்லுங்க மொதலாளி, இந்தப் படத்தைப் பாத்துக்கிட்டு என்னால துணி வெட்ட முடியல,” என்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கிட்னி என் யோசனை என்றேன். மூக்காயி கொண்டுவந்த தாளை மேசையில் வைத்தேன்.

முதலில் இரும்புக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“நான் பத்துக் குடுத்தது கிட்னிக்கு. இதுன்னு சொல்லியிருந்தா ஒரு ரெண்டு குடுத்திருப்பேன். மிச்சம் எட்டைத் தந்துருங்க.”

யாரும் சிரிக்கவில்லை, அவர் நியாயமாகத்தான் கேட்டார். எட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். இன்னும் நாலு பேர் கேட்டார்கள், கொடுத்தேன். மருந்துக்கடைக்காரர் காசு கேட்கவில்லை. “என்ர பேரால எல்லோ கடிதம் அடிச்சனான்,” என்று மட்டும் சொன்னார். அதற்கு நான் எதை எண்ணிக் கொடுப்பது?

ஹாஜியார் அதுவரை மூக்காயியின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாப்பாள் வெளிப்பக்கம் ஈந்தது. அண்டைக்கே எனக்கு வெளங்கிட்டுது,” என்றார். “நீங்களே செல்லுவீங்கன்னு பாத்துக்கொண்டிருந்தேன், சின்ன மொதலாளி. இப்ப குறிப்புக் கொப்பிய எடுங்க. அந்தத் தீர்மானத்த வாசிங்க.”

“அது வேணாம் ஹாஜியார். வெட்டிவிடுறேன்.”

“வெட்ட முந்தி வாசிங்க.”

கொப்பியைப் புரட்டினேன். என் கையெழுத்து அழகானது, வீதியில் எல்லோரும் சொல்வார்கள். ‘சங்க நிதி வருத்தத்துக்கு மட்டுமே, கொழுப்புக்கு அல்ல.’ வாசித்தேன்.

“சத்தமா.”

மறுபடி வாசித்தேன். அன்று குலுங்கிய அதே மாடி. மின்விசிறி சுற்றுவது கேட்டது. யாரோ டீக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். மாடிப் படியில் யாராவது நிற்கிறார்களா என்று என் கண் தானாகப் போய்ப் பார்த்தது. யாருமில்லை.

“இண்டைக்கு ஒத்தருக்கும் சிரிப்பு வரல்லயே,” என்றார் ஹாஜியார். “அண்டைக்குச் சிரிச்சதுல நானும் ஈக்கிறேன். அதனால என்ட இருபத்தஞ்சு அப்படியே ஈக்கட்டும்.”

நான் பொருளாளர் வேலையை விடுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அது எனக்கு மிகவும் மலிவான முடிவு என்று அவருக்குத் தெரியும், அவரும் வியாபாரிதானே. படத்தைக் கழற்றிவிட்டு, படமில்லாமல், பெயரில்லாமல், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் ஐஸ் என்றே எழுத வேண்டும். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீதிகளுக்கும் நானே, தனியாக, நடந்து போக வேண்டும். “நல்லாப் பேசத் தெரிஞ்சவர்தானே. இதுக்கும் பேசுங்க,” என்றார்.

திருப்பிக் கேட்டவர்களுக்குக் கொடுத்த பிறகு எண்பத்தாறாயிரம் மிஞ்சியது. திங்கட்கிழமை காலை வின்சன்டும் மேபலும் பிரிட்டோவை நடுவில் உட்காரவைத்து வான் வண்டியில் போனார்கள். அலுமாரியிலிருந்த ஹார்லிக்ஸ் போத்தல்களை மேபல் ஒரு பெட்டியில் கட்டி என் கடையில் இறக்கிவிட்டுப் போனாள். யார் யார் கொண்டுவந்தது என்று ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டியதும் நான்தான்.

கடிதத்தோடு முதலில் ஏறியது ஒரு செருப்புக்கடை. கடைக்காரர் என்னை நன்றாகத் தெரிந்தவர். கதிரை போட்டார். கடிதத்தை வாசித்தார். பக்கத்திலிருந்த தம்பியிடம் நீட்டிவிட்டு என்னைப் பார்த்து, “என்ன மொதலாளி, தின்ன கொழுப்புக்கெல்லாம் நாங்களா பில் கட்டணும்?” என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். என்னுடைய பகிடியைவிட அது மோசம்கூட இல்லை. நான் கதிரையில் இருந்தபடி அவர்கள் சிரித்து முடியும்வரை காத்திருந்தேன். பிறகு, “முடிஞ்சதைக் குடுங்க,” என்றேன். ஐந்நூறு கொடுத்தார். அப்படி நாற்பத்தெட்டுக் கடைகள். எனக்குத் தெரிந்த பேச்சு ஒன்றும் அதற்கு உதவவில்லை.

பிரிட்டோவின் இரண்டாம் மாதத்துக்கு அரைவாசி வந்தது. மிச்சத்தை நான் போட்டேன், இந்தத் தடவை கணக்குப் பார்க்காமல் என்று சொல்ல ஆசை, பார்த்துத்தான் போட்டேன். மூக்காயி மகனுக்கு அதே இடத்தில் கட்டில் ஏழு வாரத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. கடை வான் வண்டியில் நானே கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் அவனுடைய துணிப்பையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் முதல் மாதக் காசைக் கட்டி ரசீதை அவளிடம் கொடுத்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து ரத்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டையும் சேர்த்து மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். கிழித்துப் போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் கிழிக்கவில்லை. இன்னும் இரண்டு மாதக் காசு கட்ட வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை சாக்குப்பையோடு வந்தாள். துண்டு மூட்டையில் தூசி நிறையவே இருந்தது. நான் வேண்டுமென்றே தட்டாமல் வைத்திருந்தேன்.

“கிலோ என்னா வெல?”

“இருநூத்தி இருபது,” என்றேன். அநியாயமான விலை. அவள் பட்டா என்று கேட்க வேண்டும், துணியை உதறிவிட்டு வாசலுக்கு நடக்க வேண்டும். நான் கூப்பிடத் தயாராக நின்றேன்.

மூக்காயி முந்தானை முடிச்சை அவிழ்த்து இருநூற்றி இருபது ரூபாயை எண்ணிக் கல்லாவில் வைத்தாள். துண்டைப் பைக்குள் அமுக்கினாள். மேலே ஒரு பிடி அள்ளவில்லை.